எலிமென்ட் போனால் எலிமென்ட்டை மாற்றுவதா, ஹீட்டரையே மாற்றுவதா?

தொட்டி உள்ள மின்சார வாட்டர் ஹீட்டரில் தண்ணீர் சூடாகவில்லை என்றால், உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் போய்விட்டது என்று முடிவுகட்டி, அதே வாட்டில் இன்னொன்றை வாங்கிப் பொருத்திவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. பல வீடுகளில் அது போதுமானதாகவும் இருந்துவிடுகிறது. ஆனால் பழைய எலிமென்ட் ஏன் போனது என்று பார்க்காமல் அதே மாதிரி ஒன்றை அதன் இடத்தில் வைத்தால், புதியதும் அதே காரணத்தால், ஏறக்குறைய அதே கால அளவில் போய்விடும். எலிமென்ட் மீது படிந்த உப்பை அகற்றிவிட்டுப் பழையதையே தொடர்வது, அதே வகையில் புதியதைப் போடுவது, உலோகத்தையோ வடிவத்தையோ மாற்றிப் போடுவது, ஹீட்டரையே மாற்றுவது என்று நம் முன்னால் பல வழிகள் இருக்கின்றன. இவற்றில் எது சரி என்பதைத் தொட்டியின் நிலையையும் அதில் வந்து விழும் தண்ணீரின் தன்மையையும் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடையில் எது கையிருப்பில் இருக்கிறது என்பதைப் பார்த்து அல்ல.

முதலில், போனது எலிமென்ட்தானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதானாலும், அதிகச் சூட்டில் இணைப்பைத் துண்டிக்கும் கட்-அவுட் விழுந்திருந்தாலும், முனையில் வயர் கருகியிருந்தாலும் அறிகுறி ஒன்றுதான்: தண்ணீர் சூடாகாது. மின் இணைப்பை முழுவதுமாகத் துண்டித்து, எலிமென்ட்டின் இரு முனைகளிலும் உள்ள வயர்களைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் மின்தடையை அளந்தால் விடை கிடைத்துவிடும். வோல்ட்டேஜின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால் இருக்க வேண்டிய ஓம் அளவு வரும். 230 வோல்ட்டில் 2000 வாட் எலிமென்ட் ஏறக்குறைய 26 ஓம் காட்ட வேண்டும். 3000 வாட் என்றால் 17.6 ஓம், 240 வோல்ட்டில் 4500 வாட் என்றால் 12.8 ஓம். இந்த அளவு சரியாக இருந்தால் உள்ளே இருக்கும் கம்பி அறுபடவில்லை. ஓம் அளவு எதுவும் வராமல், மின்பாதை இல்லை (திறந்த சுற்று) என்று மீட்டர் காட்டினால் கம்பி அறுந்துவிட்டது.

அடுத்தது, முனைக்கும் எலிமென்ட்டின் வெளி உறைக்கும் இடையிலான மின்தடை அளவு. எலிமென்ட் என்பது ஒரு உலோகக் குழாய். அதன் நடுவே சுருளாக நிக்ரோம் கம்பி செல்கிறது. கம்பிக்கும் குழாய்க்கும் இடையே மெக்னீசியம் ஆக்சைடு பொடி இறுக்கி அடைக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பொடி சூட்டை எளிதாகக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. உறையில் மயிரிழை அளவு வெடிப்பு விழுந்தாலும் தண்ணீர் உள்ளே கசிந்து பொடி ஈரமாகிவிடும். மின்சாரம் உறைக்கும் தண்ணீருக்கும் கசியத் தொடங்கும். ஹீட்டரைப் போட்டதும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் விழுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். கம்பி அறுபடாமல் தண்ணீரும் சூடாகிக்கொண்டே இருக்கும்போதுகூட இந்தக் கசிவு ஏற்படலாம் என்பதால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன். குழாயைத் தொடும்போது கையில் சுருக்கென்று தைத்தால், அந்த எலிமென்ட்டைப் பற்றி ஒப்பீடு செய்ய எதுவும் இல்லை. உடனே இணைப்பைத் துண்டிக்க வேண்டும், எர்த் இணைப்பையும் சோதிக்க வேண்டும்.

மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு எலிமென்ட்கள் உள்ள பெரிய தொட்டிகளில் அறிகுறி சற்று வேறுபடும். சிறிது நேரம் மட்டும் வெந்நீர் வந்து சட்டென்று குளிர்ந்தால் பெரும்பாலும் கீழ் எலிமென்ட். அறவே வெந்நீர் இல்லை என்றால் மேல் எலிமென்ட். அடியில் வண்டல் சேர்வதால் கீழ் எலிமென்ட்தான் முதலில் போகும்.

எலிமென்ட்டை வெளியே எடுத்த பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிடாமல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பது, நான் சொல்லக்கூடியவற்றிலேயே மிகப் பயனுள்ள செயல். கடின நீர் வரும் வீட்டில் அது வெள்ளையும் பழுப்புமாக, விரல் தடிமனுக்கு உப்பு கட்டி, வளைவுகளுக்கு நடுவே இடைவெளியே தெரியாமல் இருக்கும். நகத்தால் சுரண்டினால் மேல் பகுதி பொடியாக உதிரும். உறையை ஒட்டிய உட்படலம் மட்டும் ஓடுபோல இறுகி நிற்கும். அந்த ஓட்டைப் பெயர்த்தால் அடியில் உறை கருத்து, சில இடங்களில் உப்பி, நீளவாக்கில் பிளந்திருப்பதைக் காணலாம். இதற்கு மாறாக, மேலே படிவு அதிகம் இல்லாமல் உறையில் குண்டூசி முனை அளவுக் குழிகளும் பச்சை அல்லது துருக் கறையும் இருந்தால், அது சூட்டினால் போகவில்லை, அரிப்பினால் போயிருக்கிறது. முழு உறையும் ஒரே சீராக நிறம் மாறி, வளைவு நெளிந்திருந்தால் தண்ணீர் இல்லாத தொட்டியில் மின்சாரம் கொடுத்திருக்கிறார்கள். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. மூன்றாவதற்கு அதே வகைப் புதிய எலிமென்ட்டே சரியான தீர்வு. எலிமென்ட் மீது குற்றம் இல்லை.

படிவு ஏன் எலிமென்ட்டைக் கொல்கிறது என்பதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கால்சியம் கார்பனேட்டாக மாறிப் பிரிந்து படிகிறது. சூடு கூடக் கூட, குறிப்பாக 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், இது வேகமாக நடக்கிறது. தொட்டியிலேயே மிகச் சூடான இடம் எலிமென்ட்டின் மேற்பரப்பு என்பதால் படிவும் அங்கேயே முதலில் கட்டுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் 10 வாட் சூட்டை வெளியேற்றும் எலிமென்ட்டின் மீது ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குக் கெட்டியான படிவு இருந்தால், அந்தப் படிவைத் தாண்டிச் சூட்டை அனுப்புவதற்கு மட்டும் உறை தண்ணீரைவிட ஐம்பது, அறுபது டிகிரி கூடுதலாகச் சூடாக வேண்டியிருக்கும். மூன்று மில்லிமீட்டர் என்றால் அது மூன்று மடங்கு. வெளியே தண்ணீரின் சூடு அதே அளவாகத் தெரிந்தாலும் உள்ளே கம்பி வெந்துகொண்டிருக்கும். படிவு கட்டினால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும் என்று பரவலாகச் சொல்லப்படுவது இங்கே பொருந்தாது. எலிமென்ட் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருப்பதால் அது எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் தண்ணீருக்குத்தான் போகிறது. நட்டம் எலிமென்ட்டின் ஆயுளில்தான்.

இதிலிருந்து முதல் வழியின் தகுதி தெளிவாகிறது. ஓம் அளவும் சரி, கசிவும் இல்லை, ஆனால் தண்ணீர் சூடாகும்போது தொட்டிக்குள்ளிருந்து கொதிக்கும் சத்தமும் படபடப்பும் வருகிறது என்றால், புதிய எலிமென்ட் தேவையில்லை. உப்பை அகற்றினால் போதும். சிட்ரிக் அமிலக் கரைசலிலோ வினிகரிலோ ஊற வைத்தால் நுரைத்துக்கொண்டு கரையும். எஞ்சியதை மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் துண்டாலோ தள்ளிவிட வேண்டும். சுத்தியலால் தட்டுவதும், கழிப்பறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றுவதும் இரண்டுமே கேடு: முன்னது உறையை நசுக்கி உள்ளே இருக்கும் பொடியின் இறுக்கத்தைக் கலைத்துவிடும்; பின்னது உலோகத்தையே தின்னும். ஆனால் படிவுக்கு அடியில் உறை உப்பியிருந்தால் சுத்தம் செய்த எலிமென்ட்டைத் திரும்பப் பொருத்தக் கூடாது. ஃபிளேஞ்சைத் (எலிமென்ட்டைத் தாங்கி, போல்ட்களால் தொட்டியை மூடும் உலோகத் தட்டை) திறந்து மூடும் அதே உழைப்பைச் சில மாதங்களில் மறுபடியும் செய்ய நேரும்.

மாற்றுவது என்று முடிவானால் முதல் கேள்வி வாட் அளவு. சீக்கிரம் சூடாக வேண்டும் என்று 2000 வாட் இருந்த இடத்தில் 3000 வாட் போடச் சொல்பவர்கள் உண்டு. 25 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி உயர்த்த 2000 வாட்டில் 26 நிமிடம் ஆகும். 3000 வாட்டில் 17 நிமிடம். மிச்சமாவது ஒன்பது நிமிடம். அதற்கு விலையாக, 8.7 ஆம்பியர் ஓடிய வயரிலும் பிளக்கிலும் தெர்மோஸ்டாட் முனையிலும் 13 ஆம்பியர் ஓடும். எலிமென்ட்டின் பரப்பு அதேயானால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் ஒன்றரை மடங்கு சூட்டை வெளியேற்ற வேண்டியிருப்பதால் படிவும் விரைவாகக் கட்டும். செலவாகும் மொத்த மின்சாரம் இரண்டிலும் ஒன்றே. ஆகவே ஹீட்டரின் பெயர்ப்பலகையில் உள்ள வாட் அளவைத் தாண்ட வேண்டாம் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. குறைத்துப் போடுவது வேறு விஷயம்: 2000 வாட்டுக்குப் பதில் 1500 வாட் போட்டால் அதே வேலைக்கு 35 நிமிடம் ஆகும், ஆனால் எலிமென்ட் நீண்ட நாள் உழைக்கும், காத்திருக்கக்கூடிய வீட்டுக்கு அது நல்ல தேர்வு. வோல்ட்டேஜும் ஒத்துப்போக வேண்டும். 240 வோல்ட்டுக்கான எலிமென்ட்டை 120 வோல்ட்டில் இணைத்தால் கால்பங்கு சூடுதான் கிடைக்கும். 120 வோல்ட்டுக்கானதை 240-இல் இணைத்தால் நான்கு மடங்கு திறன் எடுத்து எரிந்துபோகும்.

அடுத்து உறையின் உலோகம். இங்கேதான் உண்மையான ஒப்பீடு இருக்கிறது. செம்பு உறை விலை குறைவு, எளிதில் கிடைக்கும், சூட்டை மிக நன்றாகக் கடத்தும் என்பதால் பலர் அதையே சிறந்தது என்று நினைக்கிறார்கள். கடத்தும் திறனில் செம்பு மற்ற உலோகங்களைவிடப் பல மடங்கு மேல் என்பது உண்மைதான்; ஆனால் உறையின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் என்பதால், முன்பு சொன்ன அதே கணக்கில் அந்த வேறுபாடு பத்து டிகிரியைக்கூடத் தாண்டாது. படிவு உண்டாக்கும் வேறுபாட்டுக்கு முன்னால் அது பொருட்டே இல்லை. செம்பின் பலவீனம் மற்றொரு இடத்தில்: படிவுக்கு அடியில் நெடுநேரம் சூடேறினால் இளகி மெலிந்து பிளந்துவிடும், அமிலத்தன்மை உள்ள மென்னீரில் அரிக்கும். எனாமல் பூசிய எஃகுத் தொட்டியில் செம்பு உறை இருந்தால், தொட்டியைக் காப்பதற்காக வைத்திருக்கும் மெக்னீசியம் ஆனோட் ராடும் விரைவில் கரையும். உப்பு குறைந்த, நடுநிலையான தண்ணீர் வரும் வீட்டுக்குச் செம்பு போதும். அங்கே அதிகச் செலவு செய்வது வீண்.

துருப்பிடிக்காத எஃகு உறை சூட்டைத் தாங்கும், ஆனால் குளோரைடு உப்பு அதிகம் உள்ள ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் அதன் எதிரி. சூடான குளோரைடு நீரில் சாதாரண வகை எஃகு குழி விழுந்து அரிக்கும்; இழுவிசை உள்ள வளைவுகளில் மயிரிழை வெடிப்பும் காணலாம். இன்கொலாய் 800 என்பது 30 முதல் 35 விழுக்காடு நிக்கலும் 19 முதல் 23 விழுக்காடு குரோமியமும் எஞ்சியதில் பெரும்பகுதி இரும்புமாக உள்ள கலப்புலோகம். சூட்டில் ஆக்சைடாக உதிர்வதையும் குளோரைடு வெடிப்பையும் சாதாரண எஃகைவிட நன்றாகத் தாங்கும். கடின நீருக்கும் உப்பு நீருக்கும் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஆனால் இன்கொலாய் மீது படிவே கட்டாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். படிவு அதன் மீதும் அதே போலத்தான் கட்டும். கட்டிய பிறகு வரும் கூடுதல் சூட்டை அது தாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். எனாமல் பூசிய எலிமென்ட்டில் மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதால் படிவின் பிடிப்பு தளர்வாக இருக்கும். அதைச் சுத்தம் செய்யும்போது இரும்பால் சுரண்டினால் எனாமல் பெயர்ந்து, பூசியதன் பயனே போய்விடும்.

உலோகத்தைவிட முக்கியமான ஒன்றைக் கடைகளில் பெரும்பாலும் சொல்வதில்லை: அதே வாட், கூடுதல் நீளம். ஒரே 2000 வாட்டை நீளமான, பல மடிப்புகள் கொண்ட குழாயில் பரப்பினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விழும் சுமை பாதியாகக்கூடக் குறையும். மேற்பரப்பு அந்த அளவுக்குச் சூடாகாது, படிவும் மெதுவாகவே கட்டும். தொட்டிக்குள் இடம் இருந்து, ஃபிளேஞ்சும் பொருந்தி, தெர்மோஸ்டாட் ராடு செல்லும் குழலை இடிக்காமல் உட்காருமானால், கடின நீர் வரும் வீட்டில் குறைந்த சுமை கொண்ட செம்பு எலிமென்ட்கூட அதிகச் சுமை கொண்ட இன்கொலாய்க்கு ஈடுகொடுக்கும். இரண்டும் சேர்ந்து கிடைத்தால் அதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

உலர் வகை எலிமென்ட் தனிக் குடும்பம். அதில் சூடாகும் கம்பி ஸ்டீயடைட் பீங்கான் துண்டுகளில் சுற்றப்பட்டு, எனாமல் பூசிய எஃகு உறைக்குழலுக்குள் இருக்கும். தண்ணீரைத் தொடவே தொடாது. பரப்பு பெரிது, சுமை குறைவு, தொட்டியை வடிக்காமலே எலிமென்ட்டை உருவி எடுத்து மாற்றலாம். கடின நீருக்கு இது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த உறைக்குழல் உள்ள ஹீட்டருக்குத்தான் இது பொருந்தும். சில தயாரிப்பாளர்கள் ஃபிளேஞ்சோடு சேர்த்து மாற்றித் தரும் வசதி வைத்திருக்கிறார்கள். அது இல்லாத பட்சத்தில் பழைய தொட்டியில் இதைத் திணிக்க முயல வேண்டாம். அடுத்த ஹீட்டர் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியாக இதை வைத்துக்கொள்ளலாம்.

ஹீட்டரையே மாற்றும் வழியைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் முன்வைக்கப்படும் வாதம், புதியது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பது. எலிமென்ட்டைப் பொறுத்தவரை இதில் பொருளில்லை. பழையதும் புதியதும் எடுத்த மின்சாரம் முழுவதையும் சூடாகவே தருகின்றன. மிச்சம் வருவது தொட்டியைச் சுற்றியுள்ள காப்பு நுரையின் தரத்தில் மட்டும்தான். நாள் முழுவதும் ஹீட்டரை ஓட விடும் வீட்டில் அந்த வேறுபாடு கணக்கில் வரும். குளிப்பதற்கு முன் போட்டு முடிந்ததும் அணைக்கும் வீட்டில் அது மிகச் சிறியது. மின்சாரத்தைக் கணிசமாகக் குறைக்க வேண்டும் என்றால் வெப்ப ஏற்றி (ஹீட் பம்ப்) வகை ஹீட்டரைப் பார்க்க வேண்டும். அது ஒரு யூனிட் மின்சாரத்தைச் செலவழித்து, சுற்றியுள்ள காற்றிலிருந்தும் சூட்டை எடுத்து, இரண்டு, மூன்று யூனிட் சூட்டைத் தண்ணீருக்குத் தருகிறது.

ஆகவே ஹீட்டரை மாற்றுவதற்கான நியாயமான காரணங்கள் தொட்டியில்தான் இருக்க முடியும். ஃபிளேஞ்சைத் திறந்ததும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். எனாமல் பெயர்ந்து துரு வழிந்திருக்கிறதா, தண்ணீர் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் உட்காரும் விளிம்பு குழி விழுந்திருக்கிறதா, போல்ட் மரைகள் அரித்திருக்கின்றனவா, வெந்நீர்க் குழாயில் மட்டும் செந்நிறமாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்ததா, வெளிக்கூட்டின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கசிவு கேஸ்கெட்டிலிருந்து என்றால் புதிய கேஸ்கெட்டோடு தீர்ந்துவிடும். தொட்டியின் உடம்பிலிருந்து என்றால் எந்த எலிமென்ட்டாலும் பயனில்லை. ஆனோட் ராடு கரைந்து நடுக்கம்பி மட்டும் எஞ்சியிருந்தால், தொட்டி இன்னும் நலமாக இருக்கும்பட்சத்தில் எலிமென்ட்டோடு சேர்த்து அதையும் மாற்றிவிட வேண்டும். பல சிறிய ஹீட்டர்களில் இரண்டும் ஒரே ஃபிளேஞ்சில் இருப்பதால் கூடுதல் உழைப்பு ஒன்றுமில்லை. எலிமென்ட்டுக்குச் செலவழித்துவிட்டு ஆனோடை அப்படியே விடுவது, இந்த வேலையில் மிக அதிகமாகக் காணப்படும் குறை.

நாமே செய்வதா, ஆளை அழைப்பதா என்ற கேள்விக்கு என் விடை சுருக்கமானது. மெயினை அணைத்த பிறகு முனைகளில் மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்து உறுதி செய்யத் தெரியாதவர், எர்த் இணைப்பை அளக்க முடியாதவர் இதில் கைவைக்கக் கூடாது. 60 டிகிரித் தண்ணீர் சில வினாடிகளில் தோலைப் புண்ணாக்கும் என்பதால் தொட்டி ஆறிய பிறகே வடிக்க வேண்டும். வடிக்கும்போது வெந்நீர்க் குழாயைத் திறந்து காற்று உள்ளே போக விட வேண்டும். நெடுநாள் கடையில் கிடந்த எலிமென்ட்டின் பொடி ஈரத்தை இழுத்திருக்கக்கூடும். தெரிந்த ஆள் 500 வோல்ட் மெக்கர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பொருத்துவதற்கு முன்பே அதைச் சோதித்துவிடுவார், சாதாரண மல்டிமீட்டர் அதைக் காட்டாமல் போகலாம். ஆளை அழைப்பதற்கு இதுவே நல்ல காரணம்.

புதிய கேஸ்கெட் வைத்து, போல்ட்களை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கி, தொட்டியை நிரப்பி, வெந்நீர்க் குழாயில் காற்று கலக்காமல் சீராகத் தண்ணீர் வந்த பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டும். காலித் தொட்டியில் போட்டால் புதிய எலிமென்ட் சில நிமிடங்கள்கூடத் தாங்காது. முதல் முறை சூடாகி ஆறிய பிறகு, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு விளிம்பில் ஈரம் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் போல்ட்களை இன்னும் ஒரு முறை இறுக்கலாம். மூடியின் உட்புறத்தில் மாதம், ஆண்டு, வாட் அளவு, உறையின் உலோகம் ஆகியவற்றை அழியாத மையில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது. ஓராண்டு கழித்துத் திறந்து பார்க்கும்போது எவ்வளவு படிவு கட்டியிருக்கிறது, ஆனோட் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது தெரியும்; அடுத்த முறை எந்த எலிமென்ட், எத்தனை மாதத்துக்கு ஒரு முறை சுத்தம் என்பதை அந்த வீட்டின் தண்ணீரை வைத்தே முடிவு செய்துகொள்ளலாம்.